ஸம்பேத்தா வெள்ளையடித்த படம்

எங்கள் தீவுக் கிராமம் காட்டோ பிகாதியில் ஸம்பேத்தாவின் சுவரைத் தெரியாதவர்கள் கிடையாது. சீரோஸ் தீவிலிருந்து வரும் படகு முனையைத் திரும்பியதும், மலைச்சரிவில் மற்ற வீடுகளெல்லாம் வெள்ளையாகத் தெரியும்; ஸம்பேத்தாவின் வீடு மட்டும் கண்ணைக் குத்தும். மாலுமிகள் தன் சுவரை வைத்துத்தான் திசை பார்க்கிறார்கள் என்று அவள் சொல்லிக்கொள்வாள். மாலுமிகளைக் கேட்டால் கலங்கரை விளக்கத்தைத்தான் சொல்வார்கள். ஆனால் அதை அவளிடம் போய்ச் சொல்லும் தைரியம் எங்கள் ஊரில் யாருக்கும் இருந்ததில்லை.

அவள் சுண்ணாம்புச் சூளைக்காரரின் மகள். யாக்குமீஸைக் கட்டிக்கொண்டு வந்தபோது அவள் கொண்டுவந்த சீதனம் ஒரு வெள்ளாடு, நான்கு ஆலிவ் மரம், மூன்று வருஷம் தண்ணீரில் ஊறிய ஒரு குழிச் சுண்ணாம்பு. யாக்குமீஸ் வெள்ளாட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான். அவள் சுண்ணாம்பைப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். வெள்ளாடு இரண்டாவது வருஷமே பாறையிலிருந்து உருண்டு செத்துப்போயிற்று. சுண்ணாம்புக் குழியை மட்டும் அவள் தீரவிடவில்லை; மேலே எடுக்க எடுக்க அடியில் புதிதாக ஊறப்போட்டுக்கொண்டே இருந்தாள்.

புதுச் சுண்ணாம்பை அடிப்பவர்கள் சோம்பேறிகள் என்பது அவள் கட்சி. ஊறிய சுண்ணாம்பைப் பழைய காலுறையில் வடிகட்ட வேண்டும். முதல் பூச்சு மோர் மாதிரி, இரண்டாவது தயிர் மாதிரி. இரண்டாவதில் துணிக்குப் போடும் நீலத்தில் மூன்று சிட்டிகை. இரண்டு போட்டால் மஞ்சளிக்கும், நான்கு போட்டால் ஆஸ்பத்திரிச் சுவர். எதிர்வீட்டுப் பிளூமி இருபது வருஷமாக அந்த அளவைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஸம்பேத்தாவும் இருபது வருஷமாக, "கைக்கு வரும் பாரு, அதுதான்டி அளவு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தில் ஊரே வெள்ளையடிக்கும். சுவர், படி, கிணற்றுவாய், தெருக்கல்லின் இடுக்கு, மரத்தின் அடி, எதையும் விடமாட்டார்கள். அசையாமல் படுத்திருந்தால் நாய்க்கும் ஒரு பூச்சு விழும். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆண்டவரின் பூப்பாடை தெருத்தெருவாக வரும்போது அழுக்குச் சுவருக்கு முன்னால் வரக்கூடாது. ஒரே ஒரு வீட்டுக்குத்தான் விலக்கு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் வெள்ளையடிப்பதில்லை. மழைக்கறையும் பாசியுமாக ஒரு சுவர் அப்படியே நின்றால், அந்த வழியாகப் போகிறவர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு குரலைத் தாழ்த்துவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுவரே சொல்லிவிடும்.

ஓவியன் லியாண்ட்ரோஸுக்கு இதெல்லாம் தெரியாது. ஏதென்ஸில் கம்பளி வியாபாரி வீட்டுப் பிள்ளை. மியூனிக்கில் எட்டு வருஷம் படம் வரையப் படித்துவிட்டு வந்தவன். முப்பத்து மூன்று வயது, வெயிலைக் கண்டால் தும்மல். ஒரு பிப்ரவரி மாதம் நாலு பெட்டியோடு வந்து இறங்கி, ஸம்பேத்தாவின் மாடியறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டான். அப்போது அவளுக்கு நாற்பத்தைந்து வயது. ஒரே மகன் ஸ்தாத்திஸ் பத்தொன்பது வயதில் சரக்குக் கப்பலில் முதல் பயணம் போயிருந்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் வந்ததோடு சரி. அவன் அறையைத்தான் ஓவியனுக்குக் கொடுத்தாள். காலியாகக் கிடக்கும் கட்டிலைத் தினமும் பார்க்க அவளால் முடியவில்லை.

வந்த வாரமே லியாண்ட்ரோஸ் துறைமுகத்தை ஒரு படம் வரைந்து முற்றத்தில் காயவைத்தான். புருஷனும் பெண்சாதியும் வந்து நின்று பார்த்தார்கள். கடல் பழுப்பு, வானம் பழுப்பு, வீடுகள் கொஞ்சம் வெளிறிய பழுப்பு, படகு நல்ல அடர்பழுப்பு.

யாக்குமீஸ் மீன்வாடை வீசும் கையால் தாடையைத் தடவினான். "நல்லாத்தான் இருக்கு தம்பி. அழுக்குப் பட்டாலும் தெரியாது."

ஸம்பேத்தா படத்தில் இருந்த ஒரு வீட்டை விரலால் காட்டினாள். "இந்த வீட்ல யாரு செத்தாங்க?"

"யாரும் சாகலையே அக்கா. ஏன்?"

"பின்ன ஏன் இப்படிக் கிடக்கு?"

லியாண்ட்ரோஸ் பொறுமையாக விளக்கினான். மியூனிக்கில் பெரிய பெரிய ஆசிரியர்கள் எல்லாரும் இப்படித்தான் வரைவார்கள். பழுப்புதான் எல்லா நிறத்துக்கும் தாய். அதை முதலில் பூசிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார்கள். அவள் கேட்டுக்கொண்டாள். படித்த பிள்ளை, எட்டு வருஷம் வெயில் இல்லாத ஊரில் இருந்துவிட்டு வந்திருக்கிறது, நல்ல சாப்பாடு போட்டால் சரியாகிவிடும் என்று கொண்டைக்கடலை சூப்பில் இன்னொரு கரண்டி எண்ணெய் விட்டாள்.

அவனுக்கு அந்த ஊரில் பிடித்த ஒரே சுவர் அவளுடைய முற்றத்துச் சுவர்தான். குளிர்காலம் முழுக்க மழை குடித்து, ஓட்டுக்குழாயிலிருந்து துரு வழிந்து, ரொட்டி அடுப்பின் புகை ஏறி, அடியில் பாசி பிடித்து நின்றது. அவன் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அரைமணி நேரம் நின்றான்.

"அக்கா, ஒரு உதவி. இந்தச் சுவரை நான் வரையப்போறேன். படம் முடியற வரைக்கும் இதைத் தொடமாட்டேன்னு எனக்கு வாக்குக் குடுக்கணும்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஈஸ்டருக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது. அவள் ஒரு வீடு முழுக்க இரண்டு நாளில் அடிப்பவள். ஒரு சுவர், அதுவும் கையகலத் துணியில் வரைய, எட்டு வாரமா ஆகும்?

"கடலோடிகளைக் காக்கிற நிக்கோலா சாமி மேல சத்தியம். நீங்க முடிக்கிற வரைக்கும் என் கை இதுல படாது" என்றாள். அவசரப்பட்டு எந்தச் சாமியை இழுத்துவிட்டோம் என்று அவள் அப்போது யோசிக்கவில்லை.

எட்டு வாரத்தில் படம் முடியவில்லை. காலை ஒன்பதரைக்கு முற்றத்து எலுமிச்சை மரத்தின் நிழல் சுவரோரம் வைத்த ஜாடிக்கு இந்தப் பக்கம் இருக்கும். அவன் பழுப்பில் மஞ்சளைக் கலந்து, கறுப்பைத் தொட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்து, கித்தானில் வைப்பதற்குள் அது ஜாடியைத் தாண்டிப் போயிருக்கும். ஜாடியும் வேறு நிறமாகியிருக்கும். அவன் சுரண்டுவான். மறுபடி பூசுவான். நடுப்பகலில் முற்றம் முழுக்க வெளிச்சம் நிரம்பி வழியும்போது கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

"மியூனிக்ல வெளிச்சம் ஒரு இடத்துல நிக்கும் அக்கா" என்றான் ஒருநாள், அழாத குறையாக.

"அங்க வெயிலுக்குக் கால்வலி போல" என்றாள் ஸம்பேத்தா. "எப்ப முடியும்?"

"நாளைக்கு."

அந்த நாளை தினமும் வந்தது. குருத்தோலை ஞாயிறும் வந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் ஊரெல்லாம் வாளிச் சத்தம். எதிரே பிளூமி கால்சராய் போல் பாவாடையைச் செருகிக்கொண்டு ஏணி ஏறிவிட்டாள். ஸம்பேத்தா வீட்டின் மற்ற மூன்று பக்கமும் அடித்தாள், படி அடித்தாள், கிணற்றுவாய் அடித்தாள், தெருக்கல் இடுக்கெல்லாம் கோடு இழுத்தாள். முற்றத்துக்குச் சுற்றுமதில் கிடையாது. தெருவைப் பார்த்த அந்த ஒரு சுவர் மட்டும் துருவும் புகையுமாக நின்றது. மற்றதெல்லாம் வெளுக்க வெளுக்க அது இன்னும் கறுத்தது.

செவ்வாய்க்கிழமை தெருவில் நடப்பவர்கள் தொப்பியைக் கழற்ற ஆரம்பித்தார்கள்.

ஸம்பேத்தா முதலில் வெயில் என்று நினைத்தாள். பிறகு பிளூமி வந்தாள். பதினைந்து வருஷமாக இந்த வீட்டு வாசல்படியைத் தாண்டாதவள், கறுப்புத் துணியைத் தலையில் போர்த்திக்கொண்டு, தட்டில் சர்க்கரை தூவிய அவித்த கோதுமையோடு வந்தாள். அது எங்கள் ஊரில் இறந்தவர்களுக்காகக் கிளறுவது.

"அக்கா, எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று பிளூமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பத்தொம்பது வயசு. எங்க வீட்டுப் பிள்ளைக கூட விளையாடின புள்ள."

ஸம்பேத்தா தட்டையே பார்த்தாள். "யாரைச் சொல்ற?"

"ஸ்தாத்திஸ்தான். கடுதாசி எப்ப வந்துச்சு?"

"கடுதாசியே வரலடி!"

"அப்ப தந்தியா?"

"எந்தத் தந்தியும் வரல! எம் புள்ள உசுரோட இருக்கான்! எடுத்துட்டுப் போ அந்தத் தட்டை!"

பிளூமி சுவரைப் பார்த்தாள், ஸம்பேத்தாவைப் பார்த்தாள். பெற்றவளுக்கு மனசு இன்னும் ஏற்கவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டு தட்டைக் கிணற்றடியில் வைத்துவிட்டு மெல்லப் போனாள்.

ஸம்பேத்தா அந்தத் தட்டைத் தலைத்துணியால் மூடினாள். பார்க்கவே பயமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அவள் அந்தச் சுவரை வெளுத்ததெல்லாம் இந்த வீட்டில் எல்லாரும் இருக்கிறோம் என்று ஊருக்குச் சொல்லத்தான். இப்போது சுவர் வேறு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லச் சொல்ல அது உண்மையாகிவிட்டால்? வெள்ளையடித்துவிடலாம் என்றால் சத்தியம். அதுவும் கடலில் இருக்கிற பிள்ளைகளைக் காக்கும் சாமிமேல் சத்தியம். அடித்தாலும் மகனுக்குத்தான் கேடு, அடிக்காவிட்டாலும் மகனுக்குத்தான் கேடு.

யாக்குமீஸைத் தேடிக் காப்பிக்கடைக்குப் போனாள். அவன் இரண்டு நாளாக வீட்டில் தங்கவே இல்லை. காரணம் இருந்தது. காட்டோ பிகாதியில் முப்பது வருஷமாக யாரும் அவனுக்கு ஒரு கிளாஸ் திராட்சைச் சாராயம் வாங்கிக் கொடுத்ததில்லை. திங்கட்கிழமையிலிருந்து, உட்கார்ந்தால் போதும், கிளாஸ் வந்தது. ஒருவர் தோளைத் தட்டினார். ஒருவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். தன் அருமை ஊருக்குக் கடைசியில் புரிந்துவிட்டது என்று யாக்குமீஸ் நினைத்தான். அடக்கமாகத் தலையை ஆட்டி ஆட்டிக் குடித்தான்.

"எத்தனை?" என்றாள் ஸம்பேத்தா.

"எட்டோ ஒம்போதோ. வேணாம்னு சொன்னா வருத்தப்படறாங்க."

"மடையா! அது துக்கச் சாராயம்! எம் புள்ள செத்துட்டான்னு வாங்கிக் குடுக்கறாங்க, நீ மொடக் மொடக்குனு குடிச்சிருக்கே!"

யாக்குமீஸ் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். அவன் முகம் அப்படியே வெளுத்தது. பிறகு அவன் எழுந்து, யார்யார் வாங்கிக் கொடுத்தார்களோ அவர்கள் எல்லாருக்கும் திருப்பி ஊற்றச் சொன்னான். "எம் மகன் நல்லா இருக்கான்! குடிங்க! குடிக்காதவனை நான் விடமாட்டேன்!" என்று மேசையில் அடித்தான். அவர்களும் குடித்தார்கள். துக்கத்தில் ஆளுக்கு ஆள் எப்படியெல்லாம் ஆகிவிடுகிறார்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு குடித்தார்கள்.

புதன்கிழமை ஸம்பேத்தா பாதிரியார் லினார்தோஸிடம் போய் நின்றாள். அவர் கோயில் வாசலில் பூப்பாடைக்கான எலுமிச்சைப் பூவைக் கூடையில் கொட்டிப் புழு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, ஒரு சத்தியத்தை எடுத்துவிடணும்."

"சத்தியம் என்ன பல்லா, புடுங்கிப் போட? என்னன்னு சத்தியம் பண்ணினே?"

"படம் முடியற வரைக்கும் சுவரைத் தொடமாட்டேன்னு."

"அப்ப படம் முடிஞ்சா சத்தியமும் முடிஞ்சுது. போய் அந்த ஆளை முடிக்கச் சொல்லு."

"அவருக்கு முடிக்கத் தெரியல சாமி."

"தெரிஞ்சவங்க யாராவது ஒத்தாசை பண்ணக் கூடாதா?" என்று பாதிரியார் ஒரு புழுவை எடுத்து வெளியே சுண்டினார். அவர் வேறு யோசனையில் சொன்னதுதான். ஆனால் ஸம்பேத்தா நின்ற இடத்திலேயே நின்றாள். பிறகு அவர் கையை முத்தமிட்டுவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தாள்.

பெரிய வியாழக்கிழமை நண்பகல். லியாண்ட்ரோஸ் வழக்கம்போல் வெளிச்சத்துக்குப் பயந்து தோற்றுப்போய்த் துறைமுகத்துக்குக் காப்பி குடிக்கப் போயிருந்தான். மூன்று கால் சட்டத்தில் படம் நின்றது. அவள் முதல்முறையாக அதை நிதானமாகப் பார்த்தாள். முடியாமல் கிடந்த வேலை எது என்று அவளுக்குப் பார்த்த உடனே தெரிந்தது. படத்தில் இருந்த சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை.

படத்தைத் தொடமாட்டேன் என்று அவள் யாருக்கும் சத்தியம் பண்ணவில்லை. சிலுவை போட்டுக்கொண்டாள். குழியிலிருந்து நல்ல சுண்ணாம்பாகப் பார்த்து எடுத்தாள். காலுறையில் இரண்டு தரம் வடிகட்டினாள். ஜன்னல் ஓரம் அடிக்கும் சின்ன பிரஷை எடுத்து, முதல் பூச்சு மோர் மாதிரி. வெயிலில் வைத்து உலர விட்டாள். இரண்டாவது தயிர் மாதிரி, மூன்று சிட்டிகை நீலம். சுவர் ஓரம் கதவில் படாமல், ஜாடியில் படாமல் அடித்தாள். தரைக்கல்லின் இடுக்கில் கோடு இழுத்தாள். எலுமிச்சை மரத்தின் அடிக்கும் முழங்கால் உயரத்துக்குப் பூசிவிட்டாள். ஊர்வழக்கம் என்றால் வழக்கம்தான். அவன் பழுப்பில் போட்டிருந்த மரநிழலை மட்டும் விட்டுவைத்தாள். நிழலுக்கு யாரும் வெள்ளையடிப்பதில்லை.

"முடிஞ்சுது" என்று சத்தமாகச் சொன்னாள், சாமிக்குக் கேட்கட்டும் என்று. உடனே பெரிய பிரஷை மூங்கிலில் கட்டிக்கொண்டு நிஜச் சுவருக்குத் திரும்பினாள்.

லியாண்ட்ரோஸ் வந்தபோது சுவர் பாதிக்கு மேல் வெளுத்திருந்தது. அவன் முதலில் சுவரைப் பார்த்துக் கத்தினான். பிறகு படத்தைப் பார்த்தான்.

"என் படத்தை என்ன பண்ணீங்க?"

"முடிச்சுட்டேன்" என்றாள் அவள், ஏணியிலிருந்து இறங்காமல்.

"எட்டு வாரம் அக்கா! எட்டு வாரம்! எண்ணெய்ச் சாயத்து மேல சுண்ணாம்பு! உங்களுக்குப் புத்தி இருக்கா?"

அவளுக்கும் அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "புத்தியைப் பத்தி நீ பேசறியா? உன் எட்டு வாரத்துல எம் புள்ளையை ஊர்க்காரங்க குழிதோண்டிப் புதைச்சுட்டாங்க! கடல்ல எங்க இருக்கானோ, என்ன தின்னானோ, ஒரு எழுத்து இல்ல. இந்தச் சுவர் இப்படி நின்னா அவன் இல்லேன்னு அர்த்தம். தெரியுமா உனக்கு? இருக்கான்! எம் மகன் இருக்கான்! அதைத்தான் நான் இங்க எழுதிக்கிட்டிருக்கேன்!"

சொல்லிவிட்டு அழுதுகொண்டே பிரஷை முக்கி அடித்தாள். அழுகையிலும் கோடு பிசகவில்லை. லியாண்ட்ரோஸ் சுவரைப் பார்த்தான்.

புதுச்சுண்ணாம்பில் நண்பகல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. எலுமிச்சை மரத்தின் நிழல் அதன்மேல் ஆடிக்கொண்டிருந்தது. அவன் ஒருமுறை தும்மினான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். படத்தில் அவள் அடித்த வெள்ளையின் நடுவே அவனுடைய பழுப்பு நிழல் சேற்றை அப்பியது போல் கிடந்தது. சுவரில் இருந்த நிழல் அப்படி இல்லை.

"அக்கா" என்றான் மெதுவாக. "அந்த நிழல் என்ன நிறம்?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பினாள். "இது என்ன கேள்வி? நீலம்தான்."

"நிழல் நீலமா?"

"பின்ன வேற எப்படி இருக்கும்? வெள்ளைச் சுவர்ல நிழல் நீலமாத்தானே விழும்? குழந்தைக்குக்கூடத் தெரியுமே. மியூனிக்ல நிழலே விழாதா?"

அவன் கிணற்றடியில் இருந்த துணிநீலப் பொட்டலத்தை எடுத்தான். விரலாலேயே தொட்டுக் குழைத்து, படத்தில் இருந்த பழுப்பு நிழலின்மேல் வைத்தான். ஒரு அடி பின்னால் போனான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் ஸம்பேத்தா பயந்துபோய், மறுபடி மரியாதைக்கு வந்து.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூப்பாடை வந்தபோது ஸம்பேத்தாவின் சுவர் எல்லாச் சுவரையும்விட வெள்ளையாக நின்றது. ஊர்க்காரர்கள் அதைப் பார்த்துக் குழம்பினார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தொப்பியை மாட்டிக்கொண்டார்கள். பிளூமி மட்டும் கோதுமைத் தட்டைத் திரும்பக் கேட்டு வாங்கிப் போனாள். ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம் அர்ஜென்டினாவிலிருந்து ஸ்தாத்திஸின் கடிதம் வந்தது. அங்கே மாட்டிறைச்சி மலிவு என்று அளவில்லாமல் தின்று ஒரு மாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தானாம். ஸம்பேத்தா அந்தக் கடிதத்தை முத்தமிட்டாள்; பிறகு, வந்தால் செருப்பால் அடிப்பேன் என்றாள்.

படத்தில் இருந்த சுண்ணாம்பு ஒரு மாதத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது. லியாண்ட்ரோஸ் அந்த வெள்ளையை எண்ணெய்ச் சாயத்தில் பிடிக்க இரண்டு வருஷம் பாடுபட்டான். ஒவ்வொரு கித்தானையும் கொண்டுவந்து அவள் முன்னால் நிறுத்துவான். அவள் ரொட்டிமாவுக் கையோடு வந்து பார்ப்பாள். "இது சுண்ணாம்பு ஊறல." "இது சாயங்காலம் நாலு மணிச் சுவர், நிழலை மட்டும் காலையில போட்டிருக்கீங்க." "இது பிளூமி அடிச்ச மாதிரி இருக்கு." கடைசியில் சொன்னது போல் மோசமான திட்டு வேறு கிடையாது என்பதை அவனும் கற்றுக்கொண்டான்.

ஏதென்ஸில் அவன் படங்களை வைத்தபோது பத்திரிகைகள் பெரிதாக எழுதின. கிரேக்கக் கடலின் சூரியன் வடநாட்டு மூடுபனியைக் கரைத்து ஒரு புதிய ஓவியனைப் பெற்றெடுத்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். பாதிரியார் அதைக் காப்பிக்கடையில் வாசித்துக் காட்டினார்.

"சூரியன் என்ன பண்ணுச்சாம்?" என்று கேட்டாள் ஸம்பேத்தா. "அது பாட்டுக்கு மேல சும்மா நின்னுது. வெள்ளையடிச்சது நான்."

அதன்பிறகு போர் வந்த வருஷங்கள் தவிர, ஒவ்வொரு ஈஸ்டருக்கும் முந்தைய திங்கட்கிழமை லியாண்ட்ரோஸ் படகில் வந்து இறங்குவான். அவள் அடித்து முடிக்கும் வரை காத்திருந்து, புதுச்சுவரை வரைந்துகொண்டு போவான். பஞ்ச காலத்தில் தின்ன ஒன்றும் இல்லாதபோதும் அவள் அந்தக் குழியைத் தீரவிடவில்லை. தலை நரைத்தபோது அவன் பெரிய ஆள். மந்திரிகள் வீட்டில் அவன் வெள்ளைச் சுவர்கள் தொங்கின. அவளுக்கு அவன் இன்னும் வெயிலுக்குத் தும்முகிற தம்பிதான்.

அப்படி ஒரு வருஷம், பெட்டி நிறைய வெள்ளையும் நீலமும் வாங்கிக்கொண்டு, நடைபாதை ஏறும்போதே "அக்கா, சுண்ணாம்பு ஊறிடுச்சா?" என்று கூவிக்கொண்டு வந்தான். திருப்பத்தில் அவன் குரல் நின்றது. சுவர் மழைக்கறையோடு நின்றது. ஓட்டுக்குழாயின் துரு அடிவரை வழிந்திருந்தது.

லியாண்ட்ரோஸ் தொப்பியைக் கழற்றினான்.

ஸம்பேத்தா கறுப்பு உடையில் வெளியே வந்தாள். "ஏன் தம்பி தெருவுலயே நிக்கறீங்க?"

"யாரு அக்கா?"

"அவர்தான். ஜனவரியில. காப்பிக்கடையில பேசிக்கிட்டே இருந்தாரு. பேச்சை முடிக்கக்கூட இல்ல. என்ன சொல்ல வந்தாருன்னு இன்னும் அங்க சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க." அவள் சுவரைப் பார்த்தாள். "உங்களுக்குத்தான் இந்த வருஷம் வேலை கெட்டுப்போச்சு."

அவன் மறுநாள் காலை பெட்டியின் அடியில் வெகுநேரம் துழாவி ஒரு டியூபை எடுத்தான். மூடி இறுகிப்போயிருந்தது, கத்தியால் வயிற்றைக் கிழிக்க வேண்டியிருந்தது. பதினேழு வருஷமாகத் திறக்காத மியூனிக் பழுப்பு. முற்றத்தில் உட்கார்ந்து அந்தச் சுவரை வரைந்தான். துருவை வரைந்தான், புகையை வரைந்தான், பாசியை வரைந்தான். இந்தத் தடவை எங்கும் சுரண்டவில்லை. பெரிய வியாழனன்று முடித்துவிட்டான்.

ஸம்பேத்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். இந்த வீட்டில் யார் செத்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. நெடுநேரம் பார்த்தாள். கண்ணீர் தாடை வரை வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

"இப்பதான் தம்பி உங்க நிறம் சரியா இருக்கு" என்றாள். "அப்ப ஆள் உசுரோட இருக்கும்போதே போட்டுட்டீங்க."

"அழுக்குப் பட்டாலும் தெரியாது" என்றான் லியாண்ட்ரோஸ்.

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது. தலைத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். எதிர்வீட்டிலிருந்து பிளூமி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள்.

"காயட்டும், எடுத்துட்டுப் போங்க" என்றாள் ஸம்பேத்தா, மூச்சு நிதானமானதும். "ஆனா அடுத்த வருஷம் வரும்போது திரும்பக் கொண்டு வந்துடணும். துக்கம் கழிஞ்சிரும்ல? சுவரோட சேர்த்து இதுக்கும் ரெண்டு பூச்சு குடுத்துடறேன்."

அந்தப் படத்தை வாங்க ஏதென்ஸில் பலர் வந்து கேட்டார்கள். அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. அடுத்த ஈஸ்டருக்கு முந்தைய திங்கட்கிழமை படகிலிருந்து இறங்கும்போது, அது அவன் கக்கத்தில் இருந்தது.